என்னைக் கொன்ற பொதுக்குழு

அது குடை இல்லை தம்பி, வாள். காலுக்கு இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். தொட்டுப் பாருங்கள், ஒன்றும் செய்யாது. உள்ளே பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் ஸ்பாஞ்ச், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு டேப். இந்த மாதிரி வாளால்தான் இன்று காலை என்னை முப்பத்தொரு முறை வெட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வால்பாறையிலிருந்து ஆழியாறு போய்ச் சேர இன்னும் முப்பது வளைவாவது இருக்கும். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறீர்கள், நல்லது, மோந்துகொண்டே கேளுங்கள். வயிற்றைப் புரட்டினால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். என்னைப் பேச்சில் நிறுத்தியவர்கள் கிடையாது. மூன்று இன்ஸ்பெக்டர்கள் முயன்றிருக்கிறார்கள். இன்று மதியம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் மாசிலாமணி. தோழர் மாசிலாமணி என்றால் ஒரு காலத்தில் சிங்காநல்லூர் டீக்கடையில் பெஞ்சு காலியாகும், உட்காரச் சொல்லி. படிப்பு ஏழாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தேன். ஏகாதிபத்தியம் என்று பிழையில்லாமல் எழுதிய பிறகுதான் என் இனிஷியலையே ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதாகிறது. இன்றும் மாதம் ஒரு துண்டறிக்கை. சென்ற மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கு நாற்காலி கேட்டு லிஃப்டுக்குள் ஒட்டினேன். செயலாளர் என் மகளைக் கூப்பிட்டு, "உங்க அப்பாவைக் கொஞ்சம் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றாராம். அப்படித்தான் இந்த மலைக்கு வந்தேன். நாடுகடத்தல்.

மகள் பெயர் செங்கொடி. நான் வைத்த பெயர். ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். ஆக இருக்கிறாள். அதாவது நான் பெற்ற பிள்ளை பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகத் தரப்பில் உட்காருகிறது. அங்கே எல்லோரும் அவளைக் கொடி என்பார்களாம். செம்மையை எடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு இரண்டு வருடமாக ஒரு பழக்கம். லார்ப் என்கிறார்கள். நாடகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேடை இல்லை, வசனம் இல்லை, பார்க்க ஆள் இல்லை. ஒரு எஸ்டேட் பங்களாவை வாடகைக்கு எடுப்பார்கள். ஒருவர் ராஜா, ஒருவர் திருடன், ஒருவர் மருத்துவச்சி. ஆளுக்கு ஒரு வேடம். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த ஆளாகவே நடக்கவேண்டும், பேசவேண்டும், சண்டைபோட வேண்டும். "எதுக்கு?" என்று கேட்டேன். "சும்மாதாம்ப்பா, ஒரு நாள் வேற ஆளா இருந்து பாக்கறது" என்றாள். நான் கேட்டேன், ஒரே ஆளாக இருப்பதற்கே எனக்கு அறுபத்தெட்டு வருடம் போதவில்லையே, இதில் வேறு ஆளா?

நேற்று சாயங்காலம் போய் இறங்கினோம். பங்களா வாசலில் ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டு போகிறான். பின்னாலேயே ஒரு பெண், அவளும் தலையில் கை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "யாரு கண்ணு தவறிட்டாங்க?" என்றேன். "யாரும் தவறலீங்க அங்கிள், டீ குடிக்கப் போறேன்" என்றான்.

அது அவர்கள் விதியாம். தலையில் கை வைத்திருந்தால் அந்த ஆள் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம். கண்ணுக்கே தெரியமாட்டார். கோட்டைச் சுவரைத் தாண்டலாம், எதிரி எல்லைக்குள் போகலாம், எதுவும் கணக்கில் வராது. கழிப்பறைக்குப் போக, மாத்திரை போட, டீ குடிக்க. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, பின்னால் தேவைப்படும்.

ஆட்டத்தை நடத்துகிறவன் நிகிலேஷ் என்று ஒரு பொடியன். தாடி மட்டும் பெரிசு. பன்னிரண்டு பக்க விதிப்புத்தகம் கொடுத்தான். ராத்திரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பத்துப் பக்கம் நன்றாகவே இருந்தது. பதினோராம் பக்கத்தில்தான் வந்தது வில்லங்கம். வாள்சண்டையில் மூன்று அடி பட்டால் செத்தமாதிரி. ஆனால் நீ செத்தாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடி பட்டவனே எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றானதும் தானாகவே கீழே விழவேண்டும். விழுந்தபின் பத்து நிமிடம் பேசக்கூடாது, அசையக்கூடாது.

"இதை யார் எழுதுனது?" என்று கேட்டேன்.

"எல்லா ஊர்லயும் இதாங்க ஐயா ரூல்."

"அடி படறவங்களைக் கலந்து பேசினீங்களா?"

"நாங்கதாங்க ஐயா அடி படறதும்."

நியாயமான பதில். ஆனால் என் கண்டனத்தைப் பதிவு செய்தேன். தொண்ணூற்றெட்டில் மில் வாசலில் தடியடி. பதினொரு அடி வாங்கினேன். எண்ணியவர்கள் சொன்னது, நான் எண்ணவில்லை. அடியை எண்ணுகிறவன் நிற்கமாட்டான். தடியடியில் நின்ற ஆளிடம் வந்து, ஸ்பாஞ்சுக்கு விழு என்றால்?

புதிதாக வருகிறவர்களுக்குச் சின்ன வேடம்தான் தருவார்களாம். எனக்குப் பாலக் காவலன். பங்களாத் தோட்டத்தில் ஒரு ஓடை, அதன்மேல் இரண்டு ஆள் அகலத்துக்குப் பலகைப் பாலம். வடதிசைப் படை வரும், கொஞ்ச நேரம் தடுத்து நில்லுங்கள், பிறகு செத்துவிடுங்கள் என்றான் நிகிலேஷ். "அஞ்சு நிமிஷம் போதுங்க ஐயா." பாத்திரத்துக்கு ஒரு பக்கம் வரலாறு எழுதச் சொன்னான். பதினான்கு பக்கம் கொடுத்தேன். பாத்திரத்தின் பெயர் என்ன என்ற இடத்தில் மாசிலாமணி என்று எழுதியிருந்தேன்.

செங்கொடி பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, இங்க வந்துமா?" என்றாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. நான் இப்போது வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன்.

ஆமாம், இப்போதும்தான். எங்கள் மில்லின் பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பரமாகிவிடும். தொண்ணூற்றெட்டில் ஆரம்பித்தோம். இருநூற்றுப் பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்தோம். அப்புறம் நிர்வாகம் இயந்திரங்களை விற்றுவிட்டது. ஆட்கள் திருப்பூர் போனார்கள், பழைய இரும்பு வாங்கி விற்கப் போனார்கள், போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் போராட்டம் முடிந்தது என்று சங்கம் ஒருநாளும் அறிவிக்கவில்லை. தற்காலிக ஒத்திவைப்பு என்றுதான் அறிவித்தோம். வாசகம் என்னுடையது. அறிவிப்பை மாற்றவேண்டும் என்றால் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழுவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர். இன்றைய தேதியில் சங்கத்தில் மிச்சம் நான் ஒருவன். ஆக, சட்டப்படி முடிக்கவே முடியாது. இதை யாரும் யோசிப்பதில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. கல்யாண மண்டபம். பழைய வாசலை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். நான் இருநூற்றுப் பதினோரு நாள் முதுகு சாய்த்த அதே இரும்புக் கதவு. தங்கக் கலர் அடித்திருக்கிறார்கள். மண்டபத்தின் முதலாளி யார் தெரியுமா? என் மாப்பிள்ளையின் பெரியப்பா. தேடிப்பிடித்த மாதிரி.

பத்து வருடம் முன்னால் செங்கொடிக்கு அங்கேதான் கல்யாணம். நான் வராமல் இருந்தேன் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். வந்தேன். வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே காலை வைத்தால் நான் வேலைநிறுத்தத்தை உடைத்த கருங்காலி ஆகிவிடுவேனே தம்பி. வருகிறவர்களுக்கெல்லாம் துண்டறிக்கை கொடுத்தேன். முன்பக்கம் மணமக்களுக்கு வாழ்த்து, பின்பக்கம் எட்டம்சக் கோரிக்கை. தாரை வார்த்தது என் அண்ணன். மேளச்சத்தம் வெளியே நன்றாகவே கேட்டது. எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்போது வருகிற வியாழக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. தளிர் என்று பெயர், நாலு வயது. அதே மண்டபம். எங்கள் பக்கம் வழக்கம், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். செங்கொடிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அப்போது அப்புச்சி மடிதான். அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற அப்பா, நான். குழந்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது, "எங்க அப்புச்சி மடில உக்காந்துதான் நான் அழுவேன்." வீட்டில் ஒரு மாதமாக இதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. செங்கொடியும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

சரி, பாலத்துக்கு வருவோம்.

காலை ஒன்பதரைக்குக் கோணிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டைக் கழற்றச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பாலத்தின் இந்தப் பக்கம் நான். என் முதுகுக்குப் பின்னால் பங்களா. அங்கேதான் இளவரசிக்கு முடிசூட்டு, அப்புறம் முடிசூட்டு விருந்து. விருந்து என்றால் நிஜ விருந்து தம்பி, மட்டன் பிரியாணி. பங்களாவில் சமைக்கிற தங்கம்மா என்கிற அம்மா பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் வாசம் பாலம்வரை வந்தது.

பத்து மணிக்கு வடதிசைப் படை வந்தது. இருபத்தாறு பேர், இளவரசியும் சேர்த்து. முதலில் ஒரு பையன் ஓடிவந்து தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று வைத்தான். வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தான். நான் நின்றேன்.

"ஐயா, மூணு ஆச்சுங்க" என்றான் மெதுவாக.

"பார்த்தேன்."

"அப்ப..."

"கண்டிக்கிறேன்" என்றேன்.

அப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் நாலு பேர். பாலம் குறுகல், அதற்குமேல் வரமுடியாது. ஒருவரையும் நான் திருப்பி அடிக்கவில்லை, அது நம் முறை அல்ல. வாளைக் கொடி மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டாவது அடியில் ஒரு பெண்ணுக்குக் கை வலித்து உட்கார்ந்துவிட்டாள், என் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன். இடையில் தங்கம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் கறிவேப்பிலை பறிக்க வந்தார்கள். "ஏனுங்க, போலாமுங்களா?" என்றார்கள். உழைக்கும் மக்கள் போகலாம் என்று வழிவிட்டேன். திரும்பி வரும்போது அந்த அம்மா என் காலைப் பார்த்து, "அட்டை ஏறுதுங்க" என்றார்கள். ஏறட்டும் என்றேன்.

பன்னிரண்டு ஆயிற்று. இளவரசி ஒரு கல்லில் உட்கார்ந்து கிரீடத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். பசி. நீங்கள் கேட்கலாம், தலையில் கை வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று. நானும் கேட்டேன். ஒரு பையன் சொன்னான், "அப்படிச் சாப்பிட்டா அது வெறும் லஞ்ச்சுங்க ஐயா. விருந்துக்கு உள்ள நடந்துதான் வரணும்." தலையில் கை வைத்தால் ஆள் வந்ததாகவே கணக்கில்லையாம். ஒருவன்கூட அப்படிப் போகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த இருபத்தாறு பேர் தொண்ணூற்றெட்டில் என்னோடு இருந்திருந்தால்! ஆனால் எதிர்த்தரப்பில் அல்லவா இருக்கிறார்கள்.

கடைசியில் தூது வந்தது. வடதிசைத் தூதுவர் வேறு யார், என் மகள்தான். நீல அங்கி போட்டுக்கொண்டு பாலத்தின் நடுவில் வந்து நின்றாள். தலையில் கையை வைத்தாள்.

"அப்பா. நீங்க செத்துட்டீங்க."

"நான் ஒத்திவைச்சிருக்கேன்."

"முப்பத்தொரு அடி. நான் எண்ணுனேன்."

"நீ எண்ணலாம். நான் எண்ணலை."

"எல்லாருக்கும் பசிக்குதுப்பா."

"கோரிக்கையை எழுத்தில் கொடுங்க."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவள் அம்மாவுடையது, என் மனைவியைப் பற்றி இப்போது வேண்டாம். அப்புறம் திரும்பி, "எல்லாரும் வாங்க, உக்காருங்க" என்றாள். புல்லில் இருபத்தாறு பேரும் உட்கார்ந்தார்கள். நிகிலேஷையும் உட்காரவைத்தாள். நிகிலேஷிடமிருந்து ஒரு நோட்டு வாங்கினாள். அவள் ஒன்பது வயதில், மில் வாசலில், என் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிய பிள்ளை தம்பி. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"பாலக் காவலர் விவகாரம் குறித்து அவசரப் பொதுக்குழு" என்று ஆரம்பித்தாள். "குறைந்தபட்ச எண்ணிக்கை ஏழு. வந்திருப்போர் இருபத்தேழு. கூட்டம் செல்லும். தீர்மானம் ஒன்று. பாலக் காவலர் மாசிலாமணி தன் கடமையை முழுமையாகச் செய்து வீரமரணம் அடைந்தார் என்று இப்பொதுக்குழு அறிவிக்கிறது. முன்மொழிகிறேன்."

ஒரு திருடன் வழிமொழிந்தான்.

நான் என்ன செய்வேன்? சட்டப்படி கூடிய பொதுக்குழு. நாற்பத்தைந்து வருடம் பொதுக்குழுவே உச்ச அதிகாரம் என்று தொண்டை வற்றக் கத்தியவன் நான். திருத்தம் ஒன்று கொண்டுவந்தேன். "அடைந்தார்" என்பதற்கு முன்னால் "எந்தச் சமரசமும் இன்றி" என்று சேர்க்கவேண்டும். ஏற்றுக்கொண்டார்கள். வாக்கெடுப்பு. இருபத்தேழு கைகள் மேலே போயின. தலையில் அல்ல, மேலே.

விழுந்தேன்.

பலகை ஈரமாக இருந்தது. இத்தனை வயதில் இதுதான் முதல் விழுதல். எப்படி விழுவது என்றே தெரியவில்லை. முதலில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒருவழியாகச் செத்தேன். இளவரசி கைதட்டினாள், யாரோ அதட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? தீர்மானம் இரண்டு, இரங்கல் கூட்டமாம். நான் கண்ணை மூடிக் கிடக்கிறேன். பேசக்கூடாது, அசையக்கூடாது, பத்து நிமிடம். செங்கொடி பேசினாள். தூதுவர் குரலில்தான் பேசினாள்.

"இந்தக் காவலர் பாலத்தை விட்டு நகரவே இல்லீங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் மக கல்யாணம் நடந்துச்சு. அவருக்கு மேளச்சத்தம் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மணவறையில இருந்து வாசலையே பாத்துட்டு இருந்துச்சு. போட்டோ எல்லாத்துலயும் திரும்பித்தான் இருக்கும். எதிரி எப்பவோ ஊரை விட்டுப் போயாச்சு. ஓடையில தண்ணியும் இல்லை. முடிஞ்சுதுன்னு அவர்கிட்டப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு. அது அவர் தப்பில்லீங்க. அவர் நல்லா நின்னார்."

பேச்சு மோசமில்லை. குரல் ஏற்ற இறக்கம் சுமார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினாள், அப்படி நிறுத்தக்கூடாது, கூட்டம் கலையும். கூட்டம் கலையவில்லை என்பது வேறு விஷயம். ஓடையில் தண்ணீர் இருந்தது, அது தகவல் பிழை. அதைச் சுட்டிக்காட்ட வாயைத் திறக்கப்போனேன், செத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காதுக்குப் பின்னால் ஒரு அட்டை கடித்தது. அட்டை கடித்தால் வலிக்காது என்பார்கள். எனக்கு வலித்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இருபத்தேழு பேர் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். காலில் மிதிக்காமல், குனிந்து, துண்டைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். கடைசியாக செங்கொடி. நீல அங்கி என் முகத்தில் பட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். தலையில் கை வைத்திருந்தாள்.

"வியாழக்கிழமை, அப்பா" என்றாள். "ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம்."

போய்விட்டாள். நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் இருந்தது. எட்டம்சமாக இருந்தது. ஆனால் இன்னும் நாலு நிமிடம் பாக்கி.

எழுந்தபோது முடிசூட்டு நடந்துகொண்டிருந்தது. நிகிலேஷ் ஓடிவந்து, செத்தவர்கள் வேறு வேடத்தில் திரும்பி வரலாம், ஒரு வியாபாரி வேடம் காலி இருக்கிறது என்றான். வியாபாரி! என்னிடம்! தங்கம்மா ஒரு தட்டு பிரியாணி கொடுத்தார்கள். சாப்பிட்டேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் காரில் சேர்ந்து போகலாம் என்று செங்கொடி போனில் சொன்னாள். என்னைக் கொன்ற ஆட்களோடு ஒரே காரிலா?

அதோ, ஆழியாறு அணை தெரிகிறது பாருங்கள். உங்களுக்கு வாந்தியும் வரவில்லை.

ஏறியதிலிருந்து நான் யோசித்துக்கொண்டு வருவது இதுதான் தம்பி. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வியாழக்கிழமை அந்த வாசலுக்குப் போகிறேன். தங்கக் கலர் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். தலையில் கையை வைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். நான் ஆட்டத்தில் இல்லை. எல்லையைத் தாண்டலாம், கணக்கில் வராது. போராட்டம் போராட்டமாகவே இருக்கும், ஒத்திவைப்பு ஒத்திவைப்பாகவே இருக்கும். கருங்காலி என்று ஒருவன் சொல்லமுடியாது. சுப காரியத்துக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு வருகிறானே என்று சம்பந்தி வீட்டில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இதைவிடப் பெரிய முகச்சுளிப்பெல்லாம் பார்த்தவன்.

எல்லாம் சரியாக வருகிறது. ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கிறது.

தளிர் துள்ளுகிற பிள்ளை. ஆசாரி ஊசியைப் பக்கத்தில் கொண்டுவரும்போது தலையைத் திருப்பினால் போச்சு. ஒரு கையால் தலையை நெஞ்சோடு அணைக்க வேண்டும், இன்னொரு கையால் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். செங்கொடிக்கு நான்தான் அப்படிப் பிடித்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு கையும் வேண்டும் இல்லையா தம்பி?